வேணாமா பாய்

பெண்கள் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு பெண் பார்க்கக் கிளம்பிய ஆம்பளை, எனக்குத் தெரிந்து, செங்கல்பட்டு ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் வெட்கப்படாமல் முன்வரட்டும். சேர்ந்து ஒரு சங்கம் வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கோட்டின் பொத்தான்கள் தப்பான பக்கத்தில் இருந்தன. இதைப் போட்டிருந்த துரை இடதுகைக்காரர் போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன். இடுப்பில் இறுக்கிப் பிடித்தது. துரைமார்கள் சாப்பாட்டில் கட்டுப்பாடானவர்கள் என்று மெச்சிக்கொண்டேன். அப்போது நான் செங்கல்பட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. தெருவில் எனக்கு மூளைக்காரன் என்று பெயர் வேறு.

அந்தக் கோட்டை என் உடம்பிலிருந்து கழற்ற வைத்த மனிதரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது. கொளவாய் ஏரிக்கரைப் பக்கம் எங்கேயோ ஒரு குடிசை. நெட்டையான ஆள், மருதாணி வைத்துச் சிவந்த தாடி, கட்டம் போட்ட கைலி, தோளில் ஒரு கோணி, கையில் முனை வளைந்த இரும்புக் கம்பி. குப்பைத்தொட்டியில் பொறுக்கிச் சந்தையில் விற்பதுதான் பிழைப்பு. ஊரில் இந்தத் தொழில் செய்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். கிளறுவார்கள், கிடைத்ததைக் கோணியில் போட்டுக்கொள்வார்கள், போய்விடுவார்கள். அவர்களால் யாருக்கும் தொந்தரவு கிடையாது.

இவர் அப்படி இல்லை. தொட்டியிலிருந்து ஒரு பொருளைக் கம்பியால் தூக்குவார். கைலியில் துடைப்பார். திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கோணியில் மட்டும் போடமாட்டார். அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று எப்படியோ கண்டுபிடித்து, நேரே அந்த வீட்டு வாசலுக்குப் போய், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்பார்.

"யம்மா, இது வேணாமா?"

அந்த வீட்டுக்காரர்கள் 'வேணாம்' என்று சொல்லவேண்டும். கையை ஆட்டினால் செல்லாது. தலையை ஆட்டினாலும் செல்லாது. "தலை ஈ ஓட்டறதுக்குக் கூடத்தான் ஆடுது. வாயத் தொறந்து சொல்லும்மா" என்பார். சொன்னால்தான் பொருள் கோணிக்குள் போகும். சொல்லாவிட்டால் எதிரே குந்தி உட்கார்ந்துகொள்வார். கோபம் கிடையாது, சத்தம் கிடையாது. சும்மா உட்கார்ந்திருப்பார். அதுதான் தாங்காது.

இதனால் அவருக்கு 'வேணாமா பாய்' என்று பெயர் வந்தது. இதனால் எங்கள் தெருவுக்கு வந்தது கஷ்டகாலம்.

ஏனென்றால், ஒரு பொருளைக் குப்பையில் போடுகிறவர்கள், போட்டது யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகவும்தான் போடுகிறார்கள். எதிர்வீட்டு டிராயிங் மாஸ்டரின் மனைவி ஒரு பழைய முறத்தைத் தூக்கிப் போட்டார். அது அவர் மாமியார் படாளத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த முறம். அதே மாமியார் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த நேரமாகப் பார்த்து பாய் வந்து நின்றார்.

"யம்மா, இது வேணாமா?"

மாமியார் நிமிர்ந்தார். "அது இன்னாது, என் மொறம் மாதிரி கீது?"

மருமகள் உள்ளேயிருந்து ஓடிவந்தார். "அய்யோ பாய், காலையிலேர்ந்து இதத்தான் தேடிகினு கீறேன்! எங்க கெடச்சுது?"

"குப்பத்தொட்டில."

"நாய் இழுத்துகினு போயிருக்கும்."

"இருக்கும்மா. உங்க தெரு நாய் நல்ல நாய். கீரத்தண்டு, கருகின தோசை எல்லாத்தையும் அதுமேல அழகா அடுக்கி வச்சிருந்துச்சு."

அந்த முறம் அப்புறம் அந்த வீட்டை விட்டுப் போகவே இல்லை. மாமியார் காலத்துக்குப் பிறகும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து எங்கள் தெருக்காரர்கள் வேண்டாத சாமானைப் புடவைத் தலைப்பில் மறைத்து எடுத்துக்கொண்டு போய் அடுத்த தெருத் தொட்டியில் போட ஆரம்பித்தார்கள். பாய் அதையும் கொண்டுவந்தார். "வழி தெரியாம அந்தத் தெருவுல போய்க் கெடந்துச்சும்மா, பாவம்" என்று ரொம்பக் கரிசனமாகச் சொல்வார். அந்தக் கரிசனம் நிஜமா, நக்கலா என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை. தாடிக்குள் அந்த மனிதர் சிரித்தாலும் தெரியாது.

என் வக்கீலுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் வக்கீல் தூக்கிப்போட்ட பிய்ந்த பூட்ஸோடு பாய் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். உள்ளே கட்சிக்காரர்கள் நிறைந்திருந்தார்கள்.

"அய்யா, இது வேணாமா?"

வக்கீல் என்னைப் பார்த்தார். சட்டம் பேச எனக்கு இப்படி ஒரு வாய்ப்பு எப்போது வரும்? எழுந்து போய், "பாய், ஒருத்தர் ஒரு பொருளத் தெருவுல போட்டுட்டா, அதோட அவருக்கு அதுமேல பாத்தியதை போச்சு. எடுத்தவனுக்குத்தான் அது. சட்டம் அப்படி" என்றேன். சட்டம் அப்படியா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாய் தாடியைத் தடவினார். "தெருவுல கெடந்தா எடுத்தவனுக்கா?"

"ஆமா."

"அப்போ, ஒருநாள் கோவத்துல அய்யா வூட்டம்மா அய்யாவ வெளிய தள்ளிக் கதவ சாத்திட்டாங்கன்னு வையி. நான் அய்யாவக் கோணில போட்டுக்கினு போலாமா?"

கட்சிக்காரர்களில் ஒருவர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். வக்கீல் எழுந்து நின்று, "வேணாம்யா! வேணாம்! வேணாம்! எடுத்துகினு போ!" என்று கத்தினார். பாய்க்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான், மூன்றாகக் கிடைத்தது. "அல்லா உங்கள நல்லா வெக்கட்டும்" என்று பூட்ஸைக் கோணியில் போட்டுக்கொண்டு போனார். அவர் உதாரணத்துக்குச் சொன்னது வக்கீல் வீட்டில் போன வாரம் நிஜமாகவே நடந்திருந்தது என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"எதுக்கு பாய் இந்தப் பேஜாரு?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "குப்பையில கெடக்குறத எடுக்கறதுக்கு யாராவது உத்தரவு கேப்பாங்களா?"

அவர் கோணியைக் கீழே இறக்கி வைத்தார். "தம்பி, நாளைக்கு நான் மவுத்தாயிட்டேன்னு வையி. அங்க, அல்லாகிட்ட, இன்னா பண்ணுவாங்க? கோணிய அவுத்துக் கொட்டுவாங்க. ஒவ்வொண்ணாத் தூக்கிக் காட்டி, 'இது யாரு குடுத்தா'ன்னு கேப்பாங்க. இது டிராயிங் மாஸ்டர் வூட்டுது, இது வக்கீலய்யா குடுத்ததுன்னு நான் சொல்லணும். 'கெடந்துச்சு, எடுத்தேன்'னு சொன்னா வுடுவாங்களா? 'வேணாம்னு போட்டாங்களா, மறந்து போட்டாங்களா, உனக்கு எப்பிடித் தெரியும்'பாங்க. மாட்டிக்க மாட்டேன் நானு?"

"அங்கயும் குறுக்கு விசாரணையா?"

"இல்லியா பின்ன? உங்க வக்கீலு எனக்காக வந்து பேசுவாரா? அவரு கேசே அங்க பெரிய கேசாக் கீதே."

இதைக் கேட்டு, இவர் பெரிய மகான் என்று நினைத்து, அடுத்த சந்தைக்கு நான் அவரைப் பார்க்கவே போனேன். சாக்கை விரித்து, பொறுக்கியதையெல்லாம் கடை பரப்பியிருந்தார். நடுநாயகமாக என் வக்கீலின் பூட்ஸ், எண்ணெய் போட்டுப் பளபளவென்று.

"ஜட்ஜு துரை போட்ட பூட்ஸு! இதப் போட்டுகினு கோர்ட்டுக்குள்ள நுழைஞ்சா கேஸு தானா ஜெயிக்கும்!" என்று கூவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கால் உடைந்த நாற்காலி ஒன்று. அதில் கலெக்டர் உட்கார்ந்ததாம். அடியில் ஓட்டை விழுந்த குடம் ஒன்று. அது ஜமீன் வீட்டுக் குடமாம்.

"பாய், இந்தப் பொய்க்கு அங்க கேக்க மாட்டாங்களா?" என்றேன்.

"வாங்கறதுக்குத்தான் தம்பி நான் பதில் சொல்லணும். விக்கிறது யாவாரம். வாங்கறவன் கண்ணத் தொறந்துகினு வாங்கட்டும்."

அவர் நேர்மைக்கு ஒரே ஒரு வாசல்தான் இருந்தது. சாமான் உள்ளே வரும் வாசல். வெளியே போகும் வாசலில் காவலே கிடையாது.

காற்று மாறும் காலத்தில் அவர் கடற்கரைக்குப் போய்விடுவார். கப்பலிலிருந்து விழுந்ததும் எறிந்ததுமாக அலை எதையாவது ஒதுக்கும். பலகை, பாட்டில், கயிறு, தகர டப்பா. ஒரு நிலத் தகராறு விஷயமாக நான் மாமல்லபுரம் போயிருந்தபோது அவரை அங்கே பார்த்தேன். ஒரு நல்ல தேக்குப் பலகையை மணலிலிருந்து பெயர்த்துக்கொண்டிருந்தார். இங்கே யாரிடம் கேட்பார், பார்ப்போம் என்று நின்றேன்.

பலகையைத் தூக்கிக் கடலுக்குக் காட்டினார். "இது வேணாமா?" என்று சத்தமாகக் கேட்டார். பிறகு அலை வந்து தொடுகிற இடத்தில் பலகையை வைத்துவிட்டு, தள்ளிப்போய்க் குந்திக்கொண்டார். அலை இழுத்துக்கொண்டு போனால் கடலுக்கு வேண்டும். விட்டுவிட்டுப் போனால் வேண்டாம். கட்டுமரத்துக்காரர்கள் இதைப் பார்த்துப் பழகிவிட்டவர்கள் போல, யாரும் சிரிக்கக்கூட இல்லை.

ஒரு பெரிய அலை வந்தது. பலகை மெல்ல நகர்ந்தது.

"பாய், போவுது! புடி!" என்று நான் குதித்தேன்.

அவர் அசையவில்லை. பலகை மிதந்து போயிற்று. "வேணுமாம்" என்றார்.

"கடலுக்கு இன்னாத்துக்கு பாய் பலகை?"

"அத நாம கேக்கக்கூடாது தம்பி. வேணுமா வேணாமா, அதோட நம்ம கேள்வி முடிஞ்சுது. இன்னாத்துக்குங்கறது அவங்க பாடு."

பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த ஐப்பசியில் புயல் அடித்தது. திருவிடந்தைக்குக் கிழக்கே கடலோரமாக இருந்த மீனவர் குப்பத்தில் ஒரு கூரை மிஞ்சவில்லை. செங்கல்பட்டில் நிவாரணக் கமிட்டி ஒன்று போட்டோம். ரைஸ்மில் முதலாளி தலைவர். நான் துடிப்பான தொண்டர். அரிசி, வேட்டி, புடவை, பனையோலை எல்லாம் வசூலித்துக் கொடுத்தோம். அந்த மட்டில் குறையில்லை. அப்புறம் கடல் தாண்டி எங்கிருந்தோ, புண்ணியவான்கள் அனுப்பிய பழைய துணி மூட்டைகள் வந்து இறங்கின.

பிரித்தால், உள்ளே முழுக்கக் குளிர்தேசத்துச் சாமான். கம்பளிக் குல்லா, கையுறை, முழங்கால் வரை வரும் மேஜோடு என்கிற காலுறை, பஞ்சு வைத்த கோட்டு. எங்கள் கமிட்டி கூடி யோசித்தது. இந்த வெயிலில் கடற்கரை ஜனங்களுக்கு இது எதற்கு உதவும்? கொடுத்தால் அவர்களைக் கேலி செய்த மாதிரி ஆகும். ஆகவே, அவர்கள் மனம் புண்படக்கூடாது என்ற ஒரே நல்லெண்ணத்தில், நாங்களே எடுத்துக்கொண்டோம். முதலாளி ஒரு குல்லாவை எடுத்தார். காரியதரிசி வீட்டில் ஒரு நீள மேஜோட்டில்தான் அதற்குப் பிறகு காப்பி வடிகட்டினார்கள். அங்கே நானும் காப்பி குடித்திருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது.

நான் எடுத்தது கோட்டு. கருநீலக் கம்பளி, வெல்வெட்டு வைத்த கழுத்து, பெரிய பெரிய பொத்தான்.

எனக்கு அது அவசியமாகவே தேவைப்பட்டது. அந்தச் சமயத்தில் திருவிடந்தையிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பெண்ணின் அப்பா அங்கே பெருமாள் கோயிலில் உக்கிராணம் பார்க்கிறவர், அதாவது கோயில் சாமான் அறைக்குப் பொறுப்பு. கல்யாணம் ஆகவேண்டும் என்று மாலையும் கையுமாகப் பிராகாரம் சுற்றுகிற வாலிபர்களை அந்தக் கோயிலில் தினமும் பார்த்துப் பார்த்து அலுத்தவர். மாப்பிள்ளைகளில் தரம் பிரிக்கத் தெரிந்தவர். அவர் சுலபத்தில் மசியமாட்டார் என்று தெரிந்த தரகர், "பையன் கோட்டு போட்டுகினுதான் ஆபீசுக்கே போவாரு" என்று ஒரு போடு போட்டுவிட்டார். துரைமார்கள் கப்பலேறிச் சில வருஷம் ஆகியிருந்தும் கோட்டுக்கு இருந்த மரியாதை கப்பல் ஏறவில்லை. என்னிடம் இருந்ததோ காலர் திருப்பித் தைத்த சட்டைகள். கோட்டு இல்லாமல் போனால் தரகர் பொய் வெளிப்படும், வரன் போகும். அம்மா எனக்காகப் பார்த்த வரன்கள் அதற்குள் வரிசையாகத் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் நானும் மாலை வாங்கிக்கொண்டு பிராகாரம் சுற்றவேண்டியதுதான்.

கமிட்டி ஆபீசைக் காலி செய்யும் நாளில், மூட்டை கட்டி வந்த சாக்கையும் கயிற்றையும் எடுத்துப்போகப் பாயைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொரு சாக்காகத் தூக்கிக் காட்டி "வேணாமா?" என்று கேட்டு முதலாளியின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தவர், நான் கோட்டை மடிப்பதைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, அது யாரு வேணாம்னது?"

"கமிட்டி தீர்மானம் பாய்."

"கமிட்டிக்கா வந்துச்சு? குப்பத்துக்கு வந்துச்சா?"

"குப்பத்துக்குத்தான். ஆனா அவங்களுக்கு எதுக்குக் கம்பளிக் கோட்டு?"

"அவங்க வாயால சொன்னாங்களா?"

"சொல்லல. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயந்தானே."

மறுநாள் காலை பாய் என் வீட்டெதிரே குந்திக்கொண்டிருந்தார். அதற்கு மறுநாளும். முதலாளி வீட்டெதிரில் உட்காராமல் என் வீட்டெதிரில் ஏன் உட்கார்ந்தார் என்று கேட்டேன். "அவரு குல்லாவ வெளிய போட்டுகினு வரமாட்டாரு தம்பி. நீ கோட்டப் போட்டுகினு பொண்ணு வூட்டுக்குப் போவப் போற. அது கல்யாண காரியம்" என்றார். அம்மா அவருக்கு நாஸ்தா கொடுத்து உட்காரவைத்தே விட்டாள். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. "கேட்டுட்டா உன் கோட்டு தேய்ஞ்சா பூடும்?" என்று எனக்கே உபதேசம்.

கடைசியில் எனக்கே ஒரு வீறாப்பு வந்தது. "சரி பாய். வர்ற வெள்ளிக்கிழமை திருவிடந்தைக்குத்தான் போறேன். குப்பம் பக்கத்துலதான். நீயும் வா. ஒவ்வொரு வூடாக் கேளு. வேணாம்னுதான் சொல்லப்போறாங்க. அப்புறம் இந்தக் கோட்டப் பத்திப் பேசக்கூடாது."

"அவங்க சொல்லிட்டா நான் எதுக்குப் பேசறேன்?"

அம்மாவும் தரகரும் முதல் நாளே திருப்போரூர் வழியாகப் போய்விட்டார்கள். நானும் பாயும் மாமல்லபுரம் போய், அங்கிருந்து கால்வாயில் சவுக்கு விறகு ஏற்றிப்போன படகில் இடம் பிடித்தோம். மடித்து வைத்தால் கசங்கும் என்று கோட்டைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்தேன். உச்சி வெயில். உள்ளே இட்லி ஊற்றி வைத்திருந்தால் வெந்திருக்கும்.

படகுக்காரன் என்னைப் பார்த்துவிட்டுப் பாயிடம் விசாரித்தான். "இன்னா பாய், தம்பிக்குக் குளிர் ஜுரமா?"

"இல்லப்பா. பொண்ணு பாக்கப் போறாரு."

"ஓ. அந்த நடுக்கமா."

குப்பத்தில் புதுப் பனையோலைக் கூரைகள் வந்திருந்தன. முதல் வீட்டு வாசலில் ஒருவர் வலையை மடியில் போட்டு முடிந்துகொண்டிருந்தார். பாய் என்னை அவர் எதிரே நிறுத்தினார். "இது புயலுக்கப்புறம் உங்களுக்குன்னு வந்த கோட்டு. இவரு எடுத்து வச்சிகினு கீறாரு. வேணாமா?"

நான் ஒரு சுற்றுச் சுற்றி முன்னும் பின்னும் காட்டினேன்.

"இதப் போட்டுகினு கடலுக்குப் போனா மீனு சிரிச்சே செத்துரும். வேணாம்பா."

அடுத்த வீட்டுக்காரன் என் வயசுக்காரன். "அண்ணாத்த, கோட்டு மட்டுமா, உள்ள கீற ஆளும் சேத்தியா?"

"கோட்டு மட்டும்தான்" என்றார் பாய்.

"ரெண்டுமே வேணாம்."

இப்படி வாசலுக்கு வாசல் அவமானம்தான். ஆனால் ஒவ்வொரு 'வேணாம்' காதில் விழும்போதும் கழுத்தில் ஒரு மாலை விழுந்த மாதிரி இருந்தது. பின்னால் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. எனக்கு நடையில் ஒரு மிடுக்குக்கூட வந்துவிட்டது.

கடைசி வீட்டில் நெட்டையாக, ஒல்லியாக ஒரு அம்மாள் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பாய் கேட்டார். அவள் எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, என் கழுத்து வெல்வெட்டை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"வேணும்" என்றாள்.

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"யம்மா, இது கம்பளி. இந்த வெயிலுக்கு இது உனக்கு இன்னாத்துக்கு?"

"இந்த மனுசன் வேணுமா வேணாமான்னுதானே கேட்டாரு? இன்னாத்துக்குன்னா கேட்டாரு? உனக்கு மட்டும் இன்னாத்துக்கு?"

"நான் பொண்ணு பாக்கப் போறேன்..."

"என்னையும் பாக்கறதுக்கு இங்க நாலு பேரு கீறாங்க. கயட்டு."

பாயைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றிக் கொடுத்தேன்.

அவள் அங்கேயே அதைப் புடவைமேல் போட்டுக்கொண்டாள். என் கையைப் படாதபாடு படுத்திய அந்தப் பொத்தான்கள் அவள் கைக்கு வழுக்கிக்கொண்டு ஏறின. என்னிடம் பையாகத் தொங்கிய இடமெல்லாம் அவளிடம் நிறைந்தது. என்னை இறுக்கிய இடத்தில் அவள் சௌகரியமாக மூச்சு விட்டாள். அந்த இரண்டாவது வீட்டு வாலிபன்தான் ஆரம்பித்தான்.

"டேய், இது பொம்பளக் கோட்டுடா!"

அந்தச் சிரிப்பு அடங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் சொல்லப்போவதில்லை. அதன் நடுவே அவள் உள்பையில் கைவிட்டு என் சீப்பை எடுத்தாள். தூக்கிப் பிடித்து, பாயைப் போலவே தலையைச் சாய்த்துக்கொண்டு, "தம்பி, இது வேணாமா?" என்று கேட்டாள்.

"வேணும்" என்றேன். வேறு என்ன மிச்சம் இருந்தது எனக்கு?

கோயில் தெருப் பக்கம் நடக்கும்போது பாயிடம் கேட்டேன். "அது பொம்பளக் கோட்டுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். பழைய துணிதானே என் யாவாரம்."

"ஏன் பாய் சொல்லல?"

"நீ கேக்கல."

கோட்டு போயும் அதன் சாயம் போகவில்லை. வேர்வையில் கரைந்து, வெள்ளைச் சட்டையில் தோள் வரை நீலம் ஓடியிருந்தது. அந்தக் கோலத்தில் பெண் வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தாள். தரகர் பல்லைக் கடித்துக்கொண்டு, "கோட்டு எங்கய்யா?" என்றார்.

பெண்ணின் அப்பாவும் அதையேதான், கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார். "தம்பி கோட்டு போடுவாருன்னு சொன்னாங்களே?"

என் மூளை வேலை செய்தது. அதுதான் எப்போதும் தப்பான நேரத்தில் வேலை செய்யுமே. "போட்டுகினுதான் வந்தேன். வழியில குப்பத்துல ஒரு அம்மா கேட்டாங்க. மனசு தாங்கல. கழட்டிக் குடுத்துட்டேன்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவர் முகம் இளகியது. தரகர் முகம் மலர்ந்தது. வெளியே தெருவில் கோணியோடு நின்றிருந்த பாயின் குரல் ஜன்னல் வழியாக வந்தது.

"தம்பி, அப்பிடிச் சொல்லாத. நீ குடுக்கல. அது அவங்களுது. அவங்களுது அவங்ககிட்ட போச்சு."

உள்ளே, கதவுக்குப் பின்னாலிருந்து, யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்ற சத்தம் கேட்டது. பெண்ணின் அப்பா எழுந்தார். "யோசிச்சுச் சொல்லி அனுப்பறோம்" என்றார்.

இதற்கு என்ன அர்த்தம் என்று கல்யாணத்துக்கு அலைந்த எல்லாருக்கும் தெரியும். வெளியே வந்து, அம்மாவும் நானும் தெருவோரம் ஒரு புங்கமரத்தடியில் நின்றோம். அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்கு என்னவோ செய்தது. கோட்டு போன மாப்பிள்ளையின் கதி என்ன என்று பார்க்கக் குப்பத்துக் கூட்டமும் வந்து சேர்ந்திருந்தது. கோட்டு போட்ட அம்மாள் முன் வரிசையில்.

பாய் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். தொட்டியில் கிடக்கும் பொருளைத் தூக்கிப் பார்க்கிற அதே பார்வை. "பாய், வேணாம்!" என்று நான் ஓடுவதற்குள் அவர் அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, கம்பியை என் பக்கம் நீட்டிக் கேட்டுவிட்டார்.

"சாமி, இது வேணாமா?"

பெண்ணின் அப்பா வெளியே வந்தார். "அதான் சொல்லி அனுப்பறோம்னேனே."

"அது தலையாட்டுற மாதிரி சாமி. வேணாம்னா வாயால சொல்லிடுங்க, நான் பாட்டுக்கு இட்டுகினு போயிடறேன். அதுவும் நீங்க சொன்னாப் பத்தாது. யாருக்கு வந்துச்சோ அவங்க சொல்லணும்."

தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் உள்ளே கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பாய் அப்படியே வாசலில் குந்தி உட்கார்ந்துகொண்டார். அவர் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்பது அந்த வீட்டுக்கு எப்படித் தெரிந்ததோ, உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"இங்க யாரும் வேணாம்னு சொல்லலியே."

பாய் எழுந்து கைலியைத் தட்டிக்கொண்டார். "சரி, அப்போ நமக்கில்ல" என்று கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நல்ல பொருள் ஒன்று கைநழுவிப் போன மாதிரி அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். அம்மா அதை ஒத்துக்கொண்டதில்லை.

அந்தக் கோயிலிலேயே கல்யாணம் நடந்தது. பாய் வந்திருந்தார், விற்காமல் போன ஜட்ஜு பூட்ஸைப் போட்டுக்கொண்டு. அதற்கப்புறம் சில வருஷங்களில் ஒருநாள் அவர் வரவில்லை. பிறகு வரவே இல்லை. எங்கே போனார் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை. தெருவில் எல்லாரும் நிம்மதியாகக் குப்பை கொட்ட ஆரம்பித்தார்கள். நான் மட்டும் ஒரு பிய்ந்த செருப்பைப் போடும்போதுகூட, வாய்க்குள் 'வேணாம்' என்று சொல்லிவிட்டுப் போடுகிறேன். யாரும் கேட்காவிட்டாலும்.

இந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கோட்டும் இல்லை, பொய்யும் பலிக்கவில்லை, சட்டையெல்லாம் நீலம். அப்படி இருந்தும் ஒரு பெண் என்னைப் பார்த்ததும் பிடித்துப்போய் ஒப்புக்கொண்டாள் என்று முடிப்பேன். போன மாதம் வீட்டுக்கு வந்த ஒரு சிநேகிதரிடம் அப்படி முடித்தபோது, என் மனைவி காப்பியைக் கொண்டுவந்து டக்கென்று வைத்தாள்.

"புடிச்சுதாவது! தெருவே நின்னுகினு இருந்துச்சு. அத்தினி பேரு எதிர்ல ஒரு மனுசன வேணாம்னு எப்பிடிச் சொல்றது? அந்த பாய் தனியாக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."